கரை சேர்த்த பாய்

யூபிலி மலருக்கு வரலாறு எழுத வேண்டுமென்று நாம் பங்கின் பழைய பதிவேடுகளைப் புரட்டினோம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றும் ஆண்டு வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. கோவில் கட்ட யார் யார் என்ன கொடுத்தார்கள் என்பதற்கும் கணக்கு உண்டு. ஆனால் அந்தக் காணிக்கையைத் தேடிக் கடலுக்குப் போனவர்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்த பாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அக்குறையைச் சிறிதளவேனும் போக்க இக்கட்டுரையில் முனைகிறோம்.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி புன்னைக்காயலருகே கடலில் கலக்கிறது. அது சுமந்துவரும் வண்டல் துறைமுகங்களையே இடம் பெயரச் செய்தது. பாண்டியரின் முத்துத்துறையாகிய கொற்கை இன்று கடலை விட்டு விலகி, வயல்களின் நடுவே சிற்றூராகக் கிடக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல், இன்றைய பழையகாயலே என்று கால்டுவெல் கருதினார். போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல் சிறந்து விளங்கிற்று. பின்னர் தூத்துக்குடி மேலோங்கியது. 1986 வரை இக்கரை முழுவதும் திருநெல்வேலி மாவட்டமாகவே இருந்தது.

வண்டலும் மணல் திட்டும் நிறைந்த இக்கரையில் ஆழ்ந்த அடிப்பாகமுள்ள கலம் பயன்படாது. ஆழமில்லாத நீரில் மிதக்கவும், கையால் மணலில் இழுத்தேற்றவும் தட்டையான கட்டுமரமும், ஒடுங்கிய வள்ளமுமே ஏற்றவை. ஆனால் இவற்றில் ஒரு குறை உண்டு. பக்கத்திலிருந்து காற்றடித்தால், நீரைப் பிடித்து நிற்க அடியில் ஒன்றுமில்லாமையால், கலம் வழுக்கிக்கொண்டே போகும்.

நம் கடல் கிழக்கே இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். விடியற்காலையில் கரையிலிருந்து வீசும் காற்று மரத்தை எளிதாகக் கடலுக்குள் கொண்டுபோகும். பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் அதுவே வீடு கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் என்னும் மேல்காற்று பிடித்துக்கொண்டால், போவது எளிது; வருவது அரிது. ஆகவே நம் முன்னோர் பாயில் செய்த மாற்றங்களெல்லாம் வேகத்துக்காகச் செய்தவை அல்ல, வீடு திரும்புவதற்காகச் செய்தவை என்று கூறின் மிகையாகாது.

பழங்காலத்துப் பாய் நாற்கோணமானது. அஜந்தா ஓவியத்தில் காணப்படும் மூன்று பாய்மரக் கப்பலில் உயர்ந்த நாற்கோணப் பாய்களே உள்ளன. சாய்ந்த பருமலில் கட்டும் முக்கோணப் பாயை அராபியர் தந்தனர் என்று முன்பு எழுதினர். அத்தகைய பாய் கி.பி. 5-ஆம் நூற்றாண்டளவிலேயே மத்தியதரைக் கடலில் இருந்ததென்று இப்போது தெரிய வந்துள்ளது. காற்றை எதிர்த்து ஏறுவதில் இப்பாய் நாற்கோணப் பாயைவிடப் பெரிதும் சிறந்ததன்று என்றும், கயிறும் கப்பியும் குறைவாய் இருப்பதால் செலவு குறைந்ததே அதன் சிறப்பு என்றும் அண்மைக்கால ஆய்வாளர் சிலர் கூறுகின்றனர். இது நமக்கு வியப்பன்று. ஒரு குடும்பம் தானே வெட்டித் தைத்து, தானே கிழிசல் போட்டுக்கொள்ளக்கூடிய பாய்தான் ஏழையின் பாய்.

இளைஞர் அறியும் பொருட்டு அதன் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவோம். பாய்மரம் குட்டையானது. பாயைத் தாங்கும் நீண்ட கழி பருமல். அதை மேலேற்றும் கயிறு ஆஞ்சான். பருமலின் கீழ்முனை அணியத்தை நோக்கித் தாழ்ந்திருக்கும். பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். பக்கம் மாற வேண்டுமானால் காற்றுக்கு முதுகு காட்டித் திரும்பி, தாமானை விட்டு, பருமலை நிமிர்த்தி, பாயைப் பாய்மரத்தின் முன்புறமாகச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். அந்தச் சில நொடிகளில் கை தவறினால் கலம் கவிழும். காற்று குறைந்தால் பருத்திப் பாயின்மீது தண்ணீர் இறைப்பார்கள். நனைந்த இழை நெருங்கி, காற்றை நழுவ விடாது.

வழுக்கும் குறைக்கும் நம்மவர் வழி கண்டனர். கோலா பிடிக்கப் போகும் பெரிய கட்டுமரங்களிலும், பாக் நீரிணைப் பக்கத்து வத்தைகளிலும் பக்கத்தில் ஒரு பலகையை நீருக்குள் இறக்கினர். அப்பலகையே ஆழ்ந்த அடிப்பாகத்தின் வேலையைச் செய்தது. கரையை நெருங்கியதும் தூக்கிவிடலாம். வேறு சில தோணிகளில் காற்று வரும் பக்கம் ஒரு நீண்ட பலகையை வெளியே நீட்டி, ஆட்கள் அதன்மேல் ஏறிப் பாரம் கொடுத்தனர். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆராய்ச்சியில் இவற்றை விவரித்திருக்கிறார். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற பெருந்தோணிகளோ, பெரும்பாயோடு ஐரோப்பியக் கப்பல்களைப் போல அணியத்தின் முன் முக்கோண முன்பாய்களையும் கட்டிக்கொண்டன. அயலாரிடம் நல்லதைக் கண்டால் எடுத்துக்கொள்ள நம்மவர் தயங்கியதில்லை. அதே வேளையில், தம் கரைக்கும் காற்றுக்கும் பொருந்தாததை அவர்கள் கட்டியதுமில்லை.

பிறகு எஞ்சின் வந்தது. 1950-களில் அரசு விசைப்படகுகளை அறிமுகப்படுத்தியது. 1980-களில் வள்ளங்களிலும் எஞ்சின் ஏறிற்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகள் கரையெங்கும் பெருகின. எஞ்சினால் நன்மை விளைந்ததை மறுக்க மாட்டோம். மேல்காற்றில் துடுப்பு வலித்துக் கை கிழிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆயினும் 1973-லும் 1979-லும் எண்ணெய் விலை ஏறியபோது மீன்பிடி நாடுகள் பலவற்றில் பாயைப் பற்றி மீண்டும் பேச நேர்ந்தது. இன்றும் நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டால், படுதாவையோ போர்வையையோ கழியில் கட்டிக் கரை சேர முயல்வோர்க்குக் கைகொடுப்பது அந்தப் பழைய அறிவே.

அந்த அறிவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நம் பங்கின் முதியவர்கள் சிலரின் கைகளிலும் நாவிலும் மட்டுமே இருக்கிறது. ஒவ்வோர் அடக்கத்தோடும் அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் போகிறது. ஆதலின் யூபிலி ஆண்டு முடிவதற்குள், ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இளைஞர் பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு தம் பாட்டனார் அருகில் அமர வேண்டுகிறோம். காற்றின் பெயர்கள், கயிறுகளின் பெயர்கள், பாய் வெட்டும் அளவுகள் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். பரணில் கிடக்கும் பருமல் ஒன்றிருந்தால் விறகாக்காமல் பங்கு மன்றத்தில் கொண்டுவந்து சேருங்கள். அடுத்த யூபிலி மலரை எழுதுவோர் பதிவேட்டைப் புரட்டும்போது, நாம் காணாத அந்த வரியை அவர்களாவது காணட்டும்.