ஸனது இல்லாத படிக வில்லைகள்

பால்டிக் கடலில் சுவீடன் நாட்டுக்குரிய கோட்லாந்து என்றொரு தீவு உண்டு. அத்தீவின் மண்ணிலிருந்து கிடைத்த படிகக்கல் வில்லைகள் சில, விஸ்பி நகர் அருங்காட்சியகத்தில் பேணப்பட்டு வருகின்றன. 11, 12-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என மதிக்கப்படும் அவற்றுள் சில, வெள்ளிக் கட்டில் பதிக்கப்பெற்ற அணிகள். செய்தவர் யார், எவ்வூரார் என்பதற்கு எழுத்துச் சான்று ஏதுமில்லை. ஹதீஸ் கலையின் மொழியில் சொல்வதானால், மத்தன் கையில் இருக்கிறது, ஸனது இல்லை.

1997-இல் ஜெர்மனியின் ஆலன் நகரைச் சேர்ந்த அறிஞர் மூவர் அந்த மத்தனைச் சோதிக்க முன்வந்தனர். சிறந்த வில்லையின் விட்டம் 50 மில்லிமீட்டர். நடுக்கனம் 30 மில்லிமீட்டர். இத்துணைத் தடித்த வில்லையைப் பந்தின் துண்டுபோல் கடைந்திருந்தால், ஓரத்தில் விழும் கதிர்கள் நடுவில் விழும் கதிர்களுக்கு முன்னதாகவே ஒன்றுகூடிவிடும், உருவம் கலங்கும். அளந்து பார்த்தபோதோ, அதன் முகம் பந்தின் வளைவாக இல்லை. ஏறத்தாழ நீள்வட்ட வளைவாக இருந்தது. உருவமும் தெளிவாகவே தெரிந்தது. இக்குறையை வடிவத்தால் நீக்கும் கணக்கை ஐரோப்பாவில் டெக்கார்ட் 1637-இல்தான் அச்சிட்டார்!

இதைக் கேட்டதும் நம்மவர் உள்ளத்தில் ஓர் ஆசை எழும். ஏறத்தாழ 984-இல் பக்தாதில் இப்னு ஸஹ்ல் எரிவில்லைகளைப் பற்றி நூல் எழுதினார். பின்னாளில் ஸ்னெல் பெயரால் வழங்கிய ஒளிமுறிவு விதி அதில் இருக்கிறது. கோட்லாந்து மண்ணிலோ அரபுத் திர்ஹங்கள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. 1999-இல் ஸ்பில்லிங்ஸ் என்னுமிடத்தில் அகப்பட்ட புதையலில் மட்டும் 14,000க்கும் மேற்பட்ட நாணயங்கள். பெரும்பாலானவை இஸ்லாமிய நாடுகளுடையவை. ஆகவே வில்லைகளும் நம்முடையனவே என்று முடித்துவிடலாமா?

'கேமரா' என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது என்று மேடையில் முழங்குவோர் செய்வதும் இதுதான். அது கிரேக்கத்திலிருந்து இலத்தீன் பெற்ற சொல். இப்னுல் ஹைதம் தம் இருட்டறையை 'அல்பைத்துல் முழ்லிம்' என்றே குறித்தார்.

ராவி ஒருவர் மற்றவரைச் சந்தித்தது நிரூபணமாக வேண்டும் என்பது இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் நிபந்தனை. சமகாலத்தவராகவும் சந்திக்கக் கூடியவராகவும் இருந்தாலே போதும் என்பது இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் கொள்கை. இந்த இளகிய அளவுகோலிலும் நம் வாதம் தேறாது. ஸ்பில்லிங்ஸ் புதையல் 9-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் புதைக்கப்பட்டது; இப்னு ஸஹ்ல் நூல் எழுதியது அதற்கு ஏறக்குறைய நூறாண்டு கழித்து. மேலும், அவர் தம் வில்லைக்கு வகுத்த வளைவு அதிபரவளைவு. விஸ்பி வில்லையினது நீள்வட்டம். மத்தனும் ஒத்துவரவில்லை.

நமக்குரியதை நிலைநாட்ட இத்தகைய ஊகம் தேவையுமில்லை. இப்னு ஸஹ்லின் நூலேடுகள் ஒரு பகுதி டமாஸ்கஸிலும் ஒரு பகுதி தெஹ்ரானிலுமாகச் சிதறிக் கிடந்தன. ருஷ்தீ ராஷித் அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, இரண்டும் ஒரே நூலின் ஏடுகளே எனக் காட்டி, 1990-இல் ஒளிமுறிவு விதியை உலகறியச் செய்தார். இதற்கு ஸனது உண்டு.

இப்னுல் ஹைதம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் சோதனைக்கு வழங்கிய சொல் 'இஃதிபார்'. அதே சொல் முஹத்திஸ்களிடம் வேறொன்றைக் குறிக்கும்: தனித்து நிற்கும் ஓர் அறிவிப்புக்குத் துணையாக வேறு வழியில் ஏதும் வந்திருக்கிறதா என்று தேடுதல். ஆலன் அறிஞர்கள் செய்தது முதல் இஃதிபார். இரண்டாவதற்குரிய பொருள் கோட்லாந்திலேயே அகப்பட்டிருக்கிறது. தீவின் மேற்குக் கரையில் ஃப்ரோயல் என்னும் பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, வேலைப்படாத படிகத் துண்டுகளும் பாதி கடைந்து கைவிடப்பட்ட வில்லைகளும் ஒருங்கே வெளிப்பட்டன. அந்த 50 மில்லிமீட்டர் வில்லை அங்கேதான் பிறந்தது என்று இதைக்கொண்டு அறுதியிட முடியாது. எனினும் படிகம் கடையத் தெரிந்த கைகள் அத்தீவிலேயே இருந்தன என்பதற்கு அது ஷாஹித். பக்தாதின் பக்கம் இதுபோல் ஒரு ஷாஹித் நம்மிடம் இல்லை.