பாளையும் கடற்புல்லும்

தூத்துக்குடிக் கரையில் மணலைப் பிடித்து வைத்திருக்கும் தாவரங்கள் இரண்டு. உடன்குடி, குதிரைமொழிப் பக்கம் செம்மணல் தேரியில் நிற்பது பனை. வான்தீவு, காரியச்சல்லித் தீவுகளைச் சுற்றி ஆழம் குறைந்த கடலடியில் விரிந்திருப்பது கடற்புல். பார்வைக்குப் பாசிபோலத் தெரிந்தாலும் வேர்விட்டு, பூத்து, காய்க்கிற தாவரம் அது. முன்னதோடு மனிதருக்குத் தலைமுறை தலைமுறையான பழக்கம். பின்னதோடு இப்போதுதான் அறிமுகம் நடக்கிறது.

பனையேறி மரத்துக்குத் தரும் கவனம் அசாத்தியமானது. பாளையைக் கட்டி, கடிப்பால் நசுக்கி, பதமாக்கி, பிறகு தினமும் நுனியைச் சீவ வேண்டும். தடித்துச் சீவினால் சீசன் முடியுமுன் பாளை தீர்ந்துவிடும். சீவாமல் ஒருநாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊறல் நிற்கும். கலயத்துக்குள் தடவும் சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். கூடினால் வாயில் வைக்க முடியாது. எந்த மரம் காலையில் அதிகம் சுரக்கும், எதன் பாளைக்குக் கை மெதுவாகப் போகவேண்டும் என்று ஏறுகிறவருக்குத் தனித்தனியாகத் தெரியும். இந்த அறிவைப் பனைதான் கற்றுக்கொடுத்தது. தவறு செய்தால் அன்று மாலையே கலயம் சொல்லிவிடும்.

கடற்புல்லிடம் அந்த உடனடிப் பதில் கிடையாது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் மன்னார் வளைகுடாவில் புல் அழிந்த இடங்களில் மறுநடவு செய்திருக்கிறது. வேர்த்தண்டோடு எடுத்த புல்லைச் சட்டத்தில் கட்டிய சணல் கயிற்றில் முடிந்து, முக்குளித்துக் கடலடியில் பதிக்கிறார்கள். பிடித்ததா என்று தெரிய மாதங்கள் ஆகும். அதற்குள் இழுவை மடி ஒன்று உரசிப் போனால் நட்டது போயிற்று. பாக் விரிகுடாப் பக்கம் ஓம்கார் அமைப்பு மூங்கில் சட்டமும் தேங்காய்நார்க் கயிறும் கொண்டு இதையே செய்கிறது. சட்டம், கயிறு இரண்டுமே கடலிலேயே மக்கிவிடும் என்பதால் எனக்கு அந்த வழிதான் பிடித்திருக்கிறது.

இத்தனை காலம் முக்குளித்த ஊரில் புல் ஏன் கண்ணில் படவில்லை? முத்துச்சிப்பிப் பாரையும் சங்கையும் தேடியே இறங்கினோம். கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துபோனது. கடலடியைப் பார்க்கிற பழக்கமும் அதோடு பெரும்பாலும் கரையேறிவிட்டது.

பழகியவர்கள் இல்லாமல் போகும் அந்த ஆபத்து இன்று பனைக்கும் உண்டு. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வந்துவிட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. ஊர் ஊராக விதையும் ஊன்றுகிறார்கள். எல்லாம் நல்லதே. ஆனால் ஊன்றிய விதை பாளை விட ஏறத்தாழ பதினைந்து ஆண்டு ஆகும். அப்போது ஏற ஆள் இல்லையென்றால் அது வெறும் நிழல்மரம். விதைக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கையாவது, ஏறக் கற்கும் இளைஞருக்கும் அவருடைய காப்பீட்டுக்கும் தரவேண்டும் என்பேன்.

கடற்புல்லுக்குப் பனையேறிபோல ஒருவர் கிடைக்கமாட்டாரா? இருக்கிறார். நண்டுவலை விடுகிற வள்ளக்காரர் தினமும் அதன்மேல்தான் போகிறார். புல் தின்னும் ஓரா மீன் எங்கே குறைந்தது, வலையில் புல்லுக்குப் பதில் வெறும் சேறு எங்கே ஏறுகிறது என்பது முதலில் தெரிவது அவருக்குத்தான். சட்டத்தை எங்கே இறக்கலாம் என்று நடவுக்கு முன்பே அவரிடம் கேட்க வேண்டும். மடி படாத இடத்தை அவரே காட்டுவார். அடுத்தடுத்த மாதங்களில் நட்டது பிழைத்திருக்கிறதா என்றும் போகிறபோக்கில் பார்த்துச் சொல்வார்.