நடுகல்லும் சம்மட்டியும்

போரில் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரும் பீடும் பொறித்துப் போற்றுதல் தமிழரின் தொன்மையான மரபாகும். தொல்காப்பியப் புறத்திணையியல் அச்செயலை ஆறு நிலைகளாக வகுத்துரைக்கின்றது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள பல்லவர் காலத்து நடுகல் ஒன்று, மாண்ட வீரனின் பெயரோடு, கள்வரைக் கடித்து நின்ற நாயின் பெயரையும் கோவிவன் என்று பொறித்து வைத்திருக்கின்றது. ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாய்க்குக் கிடைத்த சிறப்பு அது.

தில்லைநகரிலிருந்து காந்தி சந்தைப் பக்கம் செல்வோர் அங்கே ஒரு மணிக்கூண்டைக் காண்பர். முதல் உலகப் போருக்குத் திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்றவர்களின் நினைவாக எழுப்பப்பட்டது அது. அப்போருக்குப் பின்னர் ஆங்கில அரசு இந்திய ஊர்கள் பலவற்றில் நினைவுக் கல்வெட்டுகளைப் பதித்தது. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்பதே அவை கூறும் செய்தி. ஊரின் பெயர் உண்டு, எண்ணிக்கை உண்டு, மாண்டவன் பெயர் பெரும்பாலும் இராது. அவன் யார் மகன், எந்தத் தெருவினன், எந்தச் சேரியினன் என்பதைக் கல் கூறுவதில்லை.

போர் நினைவுச் சின்னங்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று நமக்குப் பள்ளியிலேயே கற்பிக்கப்படுகின்றது. அவற்றை இகழ்வது பண்பன்று என்பதும் பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தே. ஆயினும் ஒரு சின்னம் யாரை நினைக்கின்றது, யாரை மறக்கின்றது, யாரை அவமதிக்கின்றது என்ற வினாவை எழுப்ப நமக்கு உரிமை உண்டா? உண்டெனில், பிறர் மனம் புண்படும் வகையிலும் அவ்வுரிமையைச் செலுத்தலாமா? இவ்வினாக்களுக்கு விடை காண 1927ஆம் ஆண்டின் வரலாறு நமக்குப் பெரிதும் உதவும்.

கோரேகான் தூண்

அவ்வாண்டின் முதல் நாளில் அண்ணல் அம்பேத்கர், புனே நகருக்கு அருகே பீமா ஆற்றங்கரையில் உள்ள கோரேகான் சென்று, அங்குள்ள போர் வெற்றித் தூணின் முன் நின்று மரியாதை செலுத்தினார். 1818 சனவரி 1 அன்று அவ்விடத்தில் கும்பினியின் சிறு படை ஒன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படையை நாள் முழுதும் எதிர்த்து நின்றது. கேப்டன் ஸ்டாண்டன் தலைமையில் சுமார் 800 பேர் கொண்ட அப்படையில், பம்பாய்க் காலாட்படையைச் சேர்ந்த மகர் வகுப்பினர் பலர் இருந்தனர். பீரங்கிகளை இயக்கியவர்கள் சென்னைப் படையைச் சேர்ந்த வெள்ளையர். 1821இல் அடிக்கல் நாட்டப்பட்ட அத்தூணில் மாண்டோரின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றுள் 22 பெயர்கள் ‘நாக்’ என்று முடிகின்றன. அக்காலத்தில் மகர்களின் பெயரில் வழங்கிய ஈறு அது.

பேஷ்வாக்களின் தலைநகரான புனேயில் தீண்டப்படாதார் தம் கால்சுவட்டை அழிக்க இடுப்பில் துடைப்பத்தையும், எச்சிலை ஏந்தக் கழுத்தில் கலயத்தையும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது என்று ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் எடுத்துரைக்கின்றார். அத்தகைய மக்களின் பெயர்கள் கல்லில் ஏறின. ஒரு சுபேதாரின் மகனாகிய அம்பேத்கர் அத்தூணை நாடிச் சென்றதன் பொருள் இதுவே.

வரலாற்றை ஒருபுறமாகச் சாய்த்து எழுதுதல் கூடாது. கும்பினி சாதியை ஒழிக்கப் போர் புரியவில்லை. தன் ஆட்சியை விரிக்கவே புரிந்தது. மகர் வீரரின் குருதியால் பயனடைந்த அதே ஆங்கில அரசு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ‘போர்க்குலம்’ என்ற கோட்பாட்டைப் பேசி அவர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. சென்னைப் படையில் பணியாற்றிய நம் பறையர் வீரர்களின் வாய்ப்பும் அக்கோட்பாட்டாலேயே சுருங்கியது. முதல் உலகப் போரின்போது ஆள் தேவைப்பட்டதும் 1917இல் 111ஆம் மகர் படை திரட்டப்பட்டது. போர் முடிந்தபின் அது கலைக்கப்பட்டது. 1941இல்தான் மகர் படைப்பிரிவு நிலையாக அமைந்தது. கல்லில் பெயர் எழுதிய கைகளே படைவீட்டின் கதவையும் சாத்தின என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நீல் சிலை

அதே 1927ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சென்னை மவுண்ட் ரோட்டில் வேறொரு காட்சி நிகழ்ந்தது. அங்கு நின்ற தளபதி நீலின் சிலையைத் தொண்டர்கள் சம்மட்டி முதலிய கருவிகளால் தாக்கிக் கைதாயினர். நெல்லை சோமயாஜுலு முதலியோர் அப்போராட்டத்தை நடத்தினர். கடலூர் அஞ்சலை அம்மாள் தம் இளம் மகளோடு அதில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். காமராசரும் அதில் ஆர்வம் காட்டினார். தொண்டர்கள் ஓடி ஒளியவில்லை. செய்ததை ஒப்புக்கொண்டு தண்டனை ஏற்றனர். அவ்வாண்டு சென்னைக்கு வந்த காந்தியடிகள், போராட்டம் அகிம்சை வழியில் நிற்க வேண்டும் என்று வலியுறுத்தி அதற்கு ஆதரவளித்தார்.

நீல் யார்? சென்னை பியூசிலியர்ஸ் என்ற வெள்ளையர் படையின் தலைவன். 1857இல் காசியிலும் அலகாபாத்திலும் விசாரணையின்றி மக்களைத் தூக்கிலிட்ட கொடுமையால் பெயர் பெற்றவன். கான்பூரில் ஆங்கிலப் பெண்டிரும் குழந்தைகளும் கொல்லப்பட்ட வீட்டில், கைதிகளை இரத்தக் கறையைத் துடைக்கச் செய்து, மறுத்தவரைக் கசையால் அடித்துப் பின்னர்த் தூக்கிலிடுமாறு ஆணையிட்டான். அவ்வாண்டு செப்டம்பரில் இலக்னோவில் மாண்டான். அவனுக்கு நன்றி பாராட்டச் சென்னையில் சிலை எழுந்தது.

கான்பூர் நிகழ்ச்சியில் நாம் உற்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கைதானவருள் ஒருவர் பார்ப்பன வகுப்புச் சுபேதார். அவர் கையில் ஒரு துப்புரவாளரைக் கொண்டே துடைப்பத்தைக் கொடுக்கச் செய்தான் நீல். சாதி இந்துவுக்குத் துடைப்பம் ஏந்துதல் மரணத்தினும் கொடிய இழிவு என்பதை அறிந்து செய்த தண்டனை அது. அந்தத் துடைப்பத்தை நாள்தோறும் ஏந்தியவரின் மானத்தைப் பற்றி நீல் எண்ணவில்லை. நீலைச் சினந்தவருள் எத்தனை பேர் எண்ணினர்? புனேயில் இடுப்பில் கட்டப்பட்ட துடைப்பமும் கான்பூரில் கையில் திணிக்கப்பட்ட துடைப்பமும் ஒன்றே. முன்னதை வழக்கம் என்றனர். பின்னதைக் கொடுமை என்றனர்.

எனினும் நீல் சிலையை அகற்றக் கோரியது நீதியே என்று நாம் கருதுகின்றோம். இராஜாஜி தலைமையில் அமைந்த காங்கிரசு ஆட்சியின்போது, 1937இல் அது மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றப்பட்டது. அது தூளாக்கப்படவில்லை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு உரிய பொருளாயிற்று. வழிபடும் பீடத்தில் நின்ற நீல், கற்கும் கூடத்துக்கு வந்து சேர்ந்தான்.

அளவுகோல் ஒன்றா, இரண்டா?

கோரேகான் தூணும் நீல் சிலையும் ஒரே ஆட்சியின் வெற்றிச் சின்னங்கள். ஒன்றின் முன் தலை வணங்குவதும் மற்றொன்றை அகற்றச் சொல்வதும் முரண் அல்லவா என்று நம்மை வினவுவோர் உளர். தூணைப் போற்றுவது அந்நியனைப் போற்றுவதாகும் என்று குற்றம் சாட்டுவோரும் உளர். அவ்வாறு கூற அவர்களுக்கு உரிமை உண்டு. அக்கூற்று நம்மைப் புண்படுத்தினும், அதற்கு விடை கூறுவதே நம் கடன். வாயடைப்பது நம் வழியன்று.

நம் விடை இது. தூணில் இருப்பவை ஆணைக்குக் கட்டுப்பட்டு மாண்ட எளிய சிப்பாய்களின் பெயர்கள். சிலையில் இருந்தது ஆணையிட்டவனின் செருக்கு. மாண்டோர்க்கு மரியாதை உரியது. அவர் எப்பக்கம் நின்று மாண்டாலும் உரியது. அன்று பேஷ்வாவின் பக்கம் நின்று மடிந்த ஏழைச் சிப்பாய்க்கும் அது உரியது. அதிகாரம் தன் கொடுமையைப் பெருமையாக்கிக் கல்லில் நிறுத்தினால், அக்கல் கேள்விக்கு உட்பட்டே தீர வேண்டும்.

அவ்வாண்டு இறுதியில், 1927 திசம்பர் 25 அன்று, மகாடு நகரில் அம்பேத்கரும் அவர் தோழர்களும் மனுஸ்மிருதியைத் தீக்கிரையாக்கினர். கோடிக்கணக்கானோர் புனிதம் என்று நம்பிய நூல் அது. அச்செயல் பலர் மனத்தைப் புண்படுத்தியது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது பகலொளியில், பெயர் சொல்லி, காரணம் கூறிச் செய்யப்பட்டது. எவர் வீடும் எரியவில்லை. எவர் உயிரும் போகவில்லை. புண்படுதல் என்ற ஒன்றையே அளவாகக் கொண்டு எதிர்ப்பைத் தடை செய்திருந்தால், குளத்தில் நீர் முகந்ததும் குற்றமாகவே இருந்திருக்கும். அதே ஆண்டு மார்ச்சு 20 அன்று நம் மக்கள் சவுதார் குளத்து நீரைப் பருகியபோதும் சாதி இந்துக்கள் மனம் புண்பட்டதாகவே கூறினர்.

பிற நாடுகளிலும் இச்சிக்கல் எழுந்துள்ளது. 2010 நவம்பர் 11 அன்று இலண்டனில், போரில் மாண்டோர்க்காக மக்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்த வேளையில், ஒரு சிறு குழுவினர் நினைவுச் சின்னமான செந்நிறப் பாப்பி மலர்களின் உருவங்களை எரித்தனர். அவர்களுள் ஒருவருக்கு நீதிமன்றம் 50 பவுண்டு அபராதம் விதித்தது. அமெரிக்காவில், போர்வீரன் ஒருவனின் இறுதிச் சடங்கிற்கு அருகே ஒரு மதக் குழுவினர் இழிசொற் பலகைகளை ஏந்தி நின்றனர். வீரனின் தந்தை தொடுத்த வழக்கில், 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, அப்பேச்சுக்கும் அரசியல் சட்டக் காப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. சட்டம் பொறுத்துக்கொள்வது ஒன்று. நாம் செய்யத் தகுந்தது மற்றொன்று. மகனை இழந்த தந்தையின் துயரத்தின்மீது வசை எறிவதை நாம் ஏற்கவில்லை. அவ்வசைக்காரரைச் சிறையில் தள்ளும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தால், அவ்வதிகாரம் நாளை நம் வாயிற்படிக்கும் வரும் என்பதையும் நாம் அறிவோம்.

அழிப்போர் யார்?

சின்னங்களை அழிப்பவர் எப்போதும் எதிர்ப்பாளர் என்று எண்ணுதல் தவறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில், போரில் மாண்ட தமிழர் நினைவாக எழுப்பப்பட்டிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 சனவரி 8 அன்று இரவில் இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். சில நாட்களில் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டு, அவ்வாண்டிலேயே தூபி எழுந்தது. நம் வேதாரண்யத்தில் 2019 ஆகஸ்டில் அண்ணலின் சிலை ஒரு கும்பலால் உடைக்கப்பட்டது; மறுநாளே அரசு புதிய சிலையை நிறுவியது. தமிழகத்தில் அம்பேத்கர் சிலைகள் பல இன்றும் இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன. அரசியல் சட்டத்தை வகுத்தவரைக் காக்கக் கம்பிகள் வேண்டியிருப்பது இந்நாட்டிற்கே இழுக்கு.

நீல் சிலையைத் தாக்கியோரும் அண்ணல் சிலையை உடைத்தோரும் ஒரே செயலைச் செய்தவர் அல்லர். முன்னவர், ஆளும் வல்லரசின் சின்னத்தை எதிர்த்துத் தம் உடலைத் தண்டனைக்கு ஒப்புவித்தனர். பின்னவர், எளியோரை அச்சுறுத்துவதற்காகக் கும்பலாகத் திரண்டனர்.

2018 சனவரி 1 அன்று கோரேகான் போரின் 200ஆம் ஆண்டு நினைவுக்குத் திரண்ட மக்கள் மீது கல்லெறியும் தீவைப்பும் நிகழ்ந்தன. ஓர் இளைஞர் உயிரிழந்தார். அதற்கு முதல்நாள் புனேயில் நடந்த கூட்டத்தின் பேச்சுகளே வன்முறைக்கு வித்திட்டன என்று கூறித் தொடங்கிய வழக்கு விரிந்து, எழுத்தாளர், வழக்கறிஞர், பேராசிரியர் எனப் பதினாறு பேர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் ஒருவர் நம் திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்த அருள்தந்தை ஸ்டான் சுவாமி. சார்க்கண்டில் பழங்குடியினரிடையே பணியாற்றியவர். கோரேகானுக்குத் தாம் ஒருபோதும் சென்றதில்லை என்று அவர் கூறினார். 2020 அக்டோபரில் கைதான அவர், பிணை மறுக்கப்பட்டு, விசாரணையும் நிறைவுறாத நிலையில், 2021 சூலை 5 அன்று தம் 84ஆம் வயதில் மும்பை மருத்துவமனையில் காவலிலேயே இறந்தார். போரில் மாண்டோரின் தூணை வணங்கக் கூடிய கூட்டத்தின் பெயரால், போருக்கே செல்லாத ஒரு முதியவர் மாண்டார். பேச்சுரிமையின் விலை இதுவாக இருக்குமாயின், அவ்விலையைச் செலுத்துவோர் பெரும்பாலும் எளியோரும் எளியோர்க்காகப் பேசுவோருமே.

நம் இளைஞர்க்கு

கல்விப் பணியில் ஈடுபட்டுள்ள நாம் இவ்வெள்ளி விழா வேளையில் நம் மாணவர்க்குக் கூற விரும்புவது இது. எந்த நினைவுச் சின்னத்தின் முன் நின்றாலும் அதில் எழுதப்பட்டதைப் படியுங்கள், எழுதப்படாததையும் கேளுங்கள். மாண்டோரை இகழாதீர்கள். அதிகாரத்தின் செருக்கை எதிர்க்க நேரின் பகலில் எதிருங்கள், பெயர் மறைக்காதீர்கள், கையை ஓங்காதீர்கள். நம் சின்னங்களைக் குறைகூறுவோர்க்கு நூலைத் திறந்து விடை கூறுங்கள். நமக்கு வேண்டும் என்று கேட்கும் உரிமையைப் பிறர்க்கு மறுக்காதீர்கள்.

காந்தி சந்தை மணிக்கூண்டு நினைவுகூரும் போருக்குச் சென்றவர்களுள் நம் முன்னோர் எவரேனும் இருந்தனரா? முதியோரிடம் கேட்டும், பழைய ஆவணங்களை நாடியும், கிடைக்கும் பெயர்களைத் தொகுக்கும் பணியை நம் மாணவர் மேற்கொள்ள வேண்டுகின்றோம். ஒரு நாயின் பெயரையும் மறவாது கல்லில் வெட்டிய மண்ணில், மனிதர் வெறும் எண்களாக நின்றுவிடலாகாது.