பணம் போனால் வரும், நம்பிக்கை போனால்?



எதிரணியில் பேசிய என் அருமைத் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "விலைவாசி விக்கிற விலையில நேர்மையை வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது? குக்கர்ல போட்டா வேகுமா?" என்றார். (சிரிப்பு) வேகாது தம்பி. ஆனால் அந்தக் குக்கர் வாங்க பாங்கியில் பணம் போட்டு வைத்திருக்கிறீர்களே, அது யாரை நம்பி? முகம் தெரியாத ஒரு மனிதரின் நேர்மையை நம்பித்தானே!

அந்த நம்பிக்கை போனால் என்ன ஆகும்? சென்னைப் பட்டணம் ஒருமுறை பார்த்துவிட்டது. அர்பத்நாட் கம்பெனி என்று கடற்கரையோரம் ஒரு பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி இருந்தது. ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள், விதவைகள் எல்லாரும் ஆயுள் சேமிப்பை அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். 'சர்' பட்டம் வாங்கிய துரை ஏமாற்றுவாரா என்று நம்பினார்கள். 1906 அக்டோபர் 22-ஆம் தேதி கம்பெனி திவால்! லண்டனில் சூதாட்டம் மாதிரி முதலீடு செய்து, இங்கே இருந்த குடும்பங்களின் பணத்தைத் தொலைத்துவிட்டார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். துரை ஜெயிலுக்குப் போனார். விதவையின் பணம் திரும்பி வந்ததா? அங்கே பஞ்சமா பணத்துக்கு? இல்லை ஐயா, பஞ்சம் நாணயத்துக்கு!

அடுத்து நடந்ததுதான் எங்கள் அணிக்கு ஆதாரம். ஊரே பாங்கி என்றால் பயந்து கிடந்த நேரம். மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர், "நம்ம பணத்தை நாமே காப்பாத்துவோம்" என்று கிளம்பினார். அவரோடு இன்னும் சிலர் சேர்ந்தார்கள். நகரத்தார் கை கொடுத்தார்கள். இந்தியன் வங்கி பிறந்தது. கதவு திறந்த நாள் 1907 ஆகஸ்ட் 15. நாட்டுக்குச் சுதந்திரம் வர நாற்பது வருஷம் முன்னாலேயே, அதே தேதியில், நம் ஊர்ப் பணத்துக்குச் சுதந்திரம் வந்துவிட்டது! (கைதட்டல்)

"அதே வங்கிதானே சார் பிறகு தடுமாறியது?" என்று தம்பி கேட்பார். ஆமாம், மறைக்க மாட்டேன். 1995-96-ஆம் ஆண்டில் 1,300 கோடிக்கு மேல் நஷ்டம். ஆளைப் பார்த்துக் கடன் கொடுத்தார்கள். திருப்பித் தருவாரா என்று பார்க்கவில்லை. அப்புறம் அரசாங்கம் பணம் போட்டது. அதாவது, வரி கட்டுகிற நீங்களும் நானும் போட்டோம். பணம் மட்டும் போட்டால் போதுமா? ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்குமா? கணக்கு ஒழுங்கானது, வசூல் ஒழுங்கானது. வங்கி மறுபடி எழுந்தது. 2020-இல் அலகாபாத் வங்கியே இதனோடு இணைந்தது. ஒரே பெயர்தான், ஒரே பலகைதான். ஒழுங்கு இருந்தபோது நிமிர்ந்தது; ஒழுங்கு தளர்ந்தபோது சாய்ந்தது.

அரசியலில் நேர்மையா என்று சிரித்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி பிரதமராக இருந்தபோது ஃபியட் கார் வாங்க பாங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். நாட்டுக்கே பிரதமர், கையில் கார் வாங்கப் பணம் இல்லை! 1966-இல் தாஷ்கண்டில் அவர் உயிர் போனது. கடன் பாக்கி நின்றது. தள்ளுபடி செய்யச் சொல்லி யார் காலிலும் விழவில்லை அந்த அம்மா. லலிதா சாஸ்திரி தம் பென்ஷனிலிருந்து அடைத்தார். கோடிக்கணக்கில் வாங்கிவிட்டு விமானம் ஏறிப் போனவர்களையும் இந்த நாடு பார்த்தது. இரண்டு பேருமே கடன்காரர்கள்தான். யாருடைய படத்தை உங்கள் பிள்ளைக்குக் காட்டுவீர்கள்?

கஷ்ட காலத்தில் நேர்மை தேவையில்லை என்கிறார்கள். நான் சொல்கிறேன், கஷ்ட காலத்தில்தான் அது அதிகம் தேவை. வசதியானவன் ஏமாந்தால் ஒரு நகை குறையும். ஏழை ஏமாந்தால் மகளின் கல்யாணமே நின்றுபோகும். ஆகவே, நெருக்கடியிலும் வாழ வைப்பது நேர்மையே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.