வண்டிக்கு முதலில், நமக்குப் பிறகு: தில்லியில் ஏர் ஃபில்டர்

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். பங்க்கில் மீட்டரைக் கண் கொட்டாமல் பார்க்கிற நாம் இந்தக் காற்றுக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. காற்று இலவசமாயிற்றே!

ஆனால் தில்லிக் காற்று சும்மா வருவதில்லை. மே, ஜூனில் ராஜஸ்தான் பக்கமிருந்து புழுதியை வாரிக்கொண்டு 'ஆந்தி' வரும். மயூர் விஹாரில் காலையில் துடைத்த காரின் மேல் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். அதிலுள்ள மணல் துகள் எஞ்சினுக்குள் போனால் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பிறகு ஆயில் குறையும், நீலப்புகை வரும். எங்கள் பாஷையில் தேய்மானம்.

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனம் இதை நன்றாகவே உணர்த்தியது. அங்கே போன ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கு மூக்குக்குக் கீழே பெரிய ஃபில்டர் மாட்டினார்கள். வேகம் குறைந்தாலும் எஞ்சின் பிழைத்தால் போதும் என்று. வில்லிஸ் ஜீப்பில் இருந்தது எண்ணெய்க் கிண்ண ஃபில்டர். உள்ளே வரும் காற்று எண்ணெய்ப் பரப்பில் மோதித் திரும்பும், தூசி எண்ணெயில் தங்கிவிடும். நம்மூர் ஜீப், அம்பாசடர்களிலும் இதே ஏற்பாடுதான். 1983-ல் மாருதி 800 வந்த பிறகு, மடிப்பு மடிப்பான காகித ஃபில்டர் வீட்டுக்கு வீடு பழகியது.

ஆக, எஞ்சினுக்கு நல்ல காற்று கொடுத்தாகிவிட்டது. அது வெளியே விட்ட புகையைச் சுவாசித்தவர்களுக்கு?

1985-ல் வக்கீல் எம்.சி. மேத்தா தில்லி வாகனப் புகை குறித்து உச்ச நீதிமன்றம் போனார். 1995-ல் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. 1998 ஜூலை 28-ல், தில்லி பஸ்கள் எல்லாம் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்று தீர்ப்பு. கெடு 2001 மார்ச் 31. பஸ் இல்லாமல் ஜனங்கள் தெருவில் நின்றார்கள். கெடு தள்ளிப்போய், 2002 முடிவில்தான் வேலை முடிந்தது. காற்று கொஞ்சம் தெளிந்தது. பிறகு வண்டிகள் பெருகின. கட்டடப் புழுதி, அறுவடைத் தாளை எரிக்கும் புகை எல்லாம் சேர்ந்து பழையபடி ஆனது.

காருக்குள் உட்காருகிறவர்களுக்கான கேபின் ஃபில்டர், எஞ்சின் ஃபில்டருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 1990களில்தான் ஐரோப்பியக் கார்களில் பரவியது. இங்கே இன்னும் தாமதம். பல கார்களில் டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பின்சீட்டில் குழந்தை இருமிக்கொண்டிருக்க, அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஓட்டுகிறவர்கள் நிறைய.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை:

- கையேட்டில் தூசிப் பகுதிகளுக்கென்று தனிக் கெடு இருந்தால் தில்லிக்கு அதுதான் பொருந்தும்.
- காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசக் கூடாது. மெதுவாகத் தட்டலாம். காற்றடித்தால் சுத்தமான பக்கத்திலிருந்து, குறைந்த அழுத்தத்தில். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டை தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.
- மூடியும் ரப்பர் விளிம்பும் சரியாக உட்காராவிட்டால் புது ஃபில்டரும் வீண்.
- ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் சரியும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. இன்றைய ஃப்யூயல் இஞ்செக்ஷன் வண்டியில் பெரும்பாலும் இழுவைதான் குறையும். அதனால் 'மைலேஜ் குறையவில்லையே' என்று சும்மா இருக்காதீர்கள்.
- கேபின் ஃபில்டரைத் தீபாவளிக்கு முன்பே மாற்றிவிடுங்கள். சாதாரண ஃபில்டர் நுண்துகள் எல்லாவற்றையும் பிடிக்காது. நெரிசலில் உள்காற்றுச் சுழற்சியை வையுங்கள். நீண்ட பயணத்தில் அவ்வப்போது வெளிக்காற்றும் விடுங்கள், இல்லாவிட்டால் தூக்கம் சொக்கும்.

அடுத்த சர்வீசில் பில்லோடு பழைய ஃபில்டர் இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எஞ்சினுடையதைவிடக் கேபினுடையது கறுப்பாக இருந்தால், வீட்டுக்காரர்களிடமும் காட்டுங்கள்.