பழி நீங்குதலும் மெய்யென நிறுவப்படுதலும்

1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்து அன்றைக்கு 70 நாள்களே ஆகியிருந்தன. கொல்கத்தாக் குழந்தைக்குத் துர்கா என்று பெயர் வழங்கியது. அதைச் சாத்தியமாக்கியவர் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய். கொல்கத்தாவிலும் எடின்பரோவிலுமாக இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்றவர். உறைகுளிர் அறிஞர் சுனித் முகர்ஜியும் மகப்பேற்று மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும் அவருடைய துணைவர்கள்.

அவர் கையாண்ட முறை இங்கிலாந்தின் நகல் அன்று. அங்கே ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் இயற்கையான மாதச் சுழற்சியில் விளைந்த ஒற்றை முட்டையை நம்பியிருந்தனர். முகோபாத்யாயோ ஹார்மோன் ஊசியால் பல முட்டைகளை முதிரச் செய்தார். கருவான பின் அவற்றை உறையவைத்து, 53 நாள்கள் கழித்து வேறொரு சுழற்சியில் கருப்பையில் இட்டார்.

அதே ஆண்டு நவம்பரில் மேற்கு வங்க அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. கருத்தரிப்பு ஆய்வில் தோய்ந்தவர்கள் எவரும் அதில் இல்லை. குழு அவர் கூற்றை நம்பத்தகாதது என்று தள்ளியது. 1979இல் ஜப்பானிலிருந்து வந்த அழைப்பை ஏற்றுச் செல்ல அனுமதி மறுக்கப்பட்டது. 1981இல் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டு ஜூன் 19இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 50.

இங்கே நாம் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐயுற்றது குற்றமன்று. அவர் விரிவான தரவுகளை வெளியிட்டிருக்கவில்லை. குழந்தையின் பெற்றோர் தங்கள் அடையாளம் வெளிப்படுவதை விரும்பவில்லை. மருத்துவரும் அந்த விருப்பத்தை மதித்தார். இந்நிலையில் சான்று கேட்பது அறிவியலின் இயல்பே. ஆனால் சான்று போதவில்லை என்பது ஒரு முடிவு. கூறியவர் பொய்யர் என்பது முற்றிலும் வேறொரு முடிவு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவியதோடு, மேலும் சான்று திரட்டும் வழிகளையும் அடைத்தார்களே, பிழை அங்கேதான் இருந்தது.

1986 ஆகஸ்டில் மும்பையில் ஹர்ஷா பிறந்தாள். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்ற பெயர் அவளுக்குக் கிடைத்தது. அப்பெருமை மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவுக்கும் அறிவியலாளர் தி. சி. ஆனந்தகுமாருக்கும் உரியதாயிற்று. 1997இல் முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகள் ஆனந்தகுமாரின் கைக்கு வந்தன. அவர் அவற்றை வரிவரியாக ஆராய்ந்தார். முறை பொருந்துவதாகவும் நம்பத்தக்கதாகவும் கண்டார். அதே ஆண்டு ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில், முதன்மை தமக்குரியதன்று, முகோபாத்யாய்க்கே உரியது என்று எழுதினார்.

தம் மகுடத்தைத் தாமே கழற்றி இறந்தவர் தலையில் சூட்டிய செயல் இது. முகோபாத்யாயின் கூற்று உண்மையானால் இழப்பு யாருக்கோ, அவரே அதை உண்மை என்றார். அதைவிட வலிய சாட்சியம் வேறு என்ன வேண்டும்? துர்காவும் தம் 25ஆம் வயதில் பொதுவெளியில் தோன்றித் தம் பிறப்பை அறிவித்தார்.

ஆகவே அவருடைய பழி நீங்கியது. ஆனால் பழி நீங்குவது மனிதருக்கு. மெய்யென நிறுவப்படுவது கருத்துக்கு. இரண்டும் உரிய காலத்தில் வந்தால்தான் பயன் உண்டு. ஹார்மோன் தூண்டுதலும் கருவை உறையவைத்தலும் இன்று உலகெங்கும் கருத்தரிப்பு மையங்களின் அன்றாட நடைமுறைகள். அவை கொல்கத்தாவிலிருந்து பரவியவை அல்ல. உறைந்த கருவிலிருந்து பிறந்த முதல் குழந்தை என 1984இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த குழந்தையையே உலகம் பதிந்துகொண்டது. முகோபாத்யாய் அறிந்திருந்ததைப் பிறர் தாமே மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1997இன் கட்டுரை ஒரு மனிதரின் பெயரை மீட்டது. அந்தப் பத்தொன்பது ஆண்டுகளை மீட்க அதனால் இயலவில்லை.

ஆய்வுக் குறிப்பேட்டைத் தேதியிட்டு எழுதிப் பத்திரப்படுத்துங்கள் என்று நெறியாளர்கள் எங்களுக்கு ஓயாமல் சொல்வதுண்டு. அவருக்காகப் பேசியவை அவர் விட்டுச்சென்ற தாள்களே. ஆனால் பிறர் ஆய்வை மதிப்பிடும் இருக்கையில் என்றேனும் அமரப்போகும் நமக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. ‘இன்னும் நிறுவப்படவில்லை’ என்று எழுதி நிறுத்திக்கொள்ளும் துணிவு அன்று அந்தக் குழுவுக்கு இருந்திருந்தால், இந்த வரலாற்றின் முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும்.