மாம்ஸ்பரி மடாலயக் கோவில்

இங்கிலாந்தின் வில்ட்ஷர் மாவட்டத்தில், ஏவன் ஆற்றின் இரு கிளைகளுக்கு நடுவே உயர்ந்த குன்றின் மேல் அமைந்த சிற்றூர் மாம்ஸ்பரி. அங்குள்ள மடாலயக் கோவில் 12ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் சபைத் துறவிகளுக்காக எழுந்தது. அதில் பாதிக்கும் குறைவான பகுதியே இன்று நிற்கிறது. இடிந்தது போக எஞ்சிய அந்தப் பகுதி இப்போதும் வழிபாடு நடக்கும் பங்குக் கோவில்.

மடத்தின் வரலாறு கோவிலைவிட நீண்டது. 7ஆம் நூற்றாண்டில் இதன் தலைவராக இருந்த ஆல்ட்ஹெல்ம், ஆங்கிலேயருள் முதன்முதல் பெயர் பெற்ற லத்தீன் புலவர். முழு இங்கிலாந்தையும் ஆண்ட முதல் மன்னரான ஏதெல்ஸ்டன் 939இல் இங்கே அடக்கம் செய்யப்பட்டார். இன்று அவர் பெயரில் காட்டப்படும் கல்லறை பல நூற்றாண்டுகள் பிந்தியது. உள்ளே உடல் இல்லை. 11ஆம் நூற்றாண்டில் எய்ல்மர் என்ற துறவி இறக்கை கட்டிக்கொண்டு கோபுரத்திலிருந்து பறந்து, சற்றுத் தொலைவு போய் விழுந்து இரு கால்களையும் முறித்துக்கொண்டார். இதைப் பதிவு செய்தவர் இதே மடத்தின் வரலாற்றாசிரியர் வில்லியம்.

இப்போதுள்ள கட்டடம் பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது. கட்டடக்கலை ஒரு பாணியிலிருந்து மறு பாணிக்கு நகர்ந்த காலம் அது. நடுக்கூடத்தின் பருத்த உருளைத் தூண்கள் ரோமனெஸ்க் மரபின. அவற்றின் மேல் வளைவுகளோ, பின்னாளில் கோதிக் பாணிக்கு அடையாளமான கூர்முனையுடன் அமைந்துள்ளன. அதற்கு மேலடுக்கில் மீண்டும் அரைவட்ட வளைவுகள். 14ஆம் நூற்றாண்டில் மேல்வரிசைச் சன்னல்களைப் பெரிதாக்கி, கல்லால் வளைகூரை அமைத்து, அதன் பாரத்தை வெளியே வாங்கிக்கொள்ளத் தாங்குவளைவுகளும் சேர்த்தார்கள்.

கோவிலின் தலைசிறந்த பகுதி தெற்கு வாயில் மண்டபம். அதன் வெளிவளைவு, ஒன்றினுள் ஒன்றாக அடங்கிய எட்டுச் சிற்ப வரிசைகளால் ஆனது. பழைய ஏற்பாட்டுக் கதைகளும் இயேசுவின் வாழ்க்கையும் சிறு வட்டங்களுக்குள் செதுக்கப்பட்டுள்ளன. வெயிலும் மழையும் அவற்றில் பலவற்றின் முகங்களைக் கரைத்துவிட்டன. உள்ளே நுழைந்தால் இரு பக்கமும் ஆறு ஆறாக அமர்ந்த அப்போஸ்தலர்கள். ஒவ்வொரு பக்கமும் அவர்கள் தலைக்கு மேலே கிடையாகப் பறக்கும் ஒரு தேவதூதர். நீண்ட உடலும் ஒட்டிப் படிந்த ஆடை மடிப்புகளும் கொண்ட இவ்வுருவங்கள் இங்கிலாந்தின் ரோமனெஸ்க் சிற்பங்களுள் முதல் வரிசையில் வைக்கத் தக்கவை.

கட்டடத்தைச் சுருக்கியவை இரண்டு சரிவுகள். நடுக்கோபுரத்தின் மேல் எழுப்பிய கூம்பு 431 அடி உயரம் என்று சொல்லப்படுகிறது. அப்படியானால் இன்றைய சால்ஸ்பரி பேராலயக் கூம்பைவிட அது உயர்ந்தது. 1500ஐ ஒட்டி அது விழுந்தபோது கோவிலின் கிழக்குப் பாதி பாழானது. மேற்கே இன்னொரு கோபுரத்தைப் பழைய நடுக்கூடத்தின் மேலேயே ஏற்றியிருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அதுவும் சரிந்து, தூண்களுக்கு இடைப்பட்ட ஒன்பது அங்கணங்களில் மூன்றை அழித்தது. மீதி ஆறுதான் இன்றைய கோவில்.

இவ்விரு சரிவுகளுக்கும் இடையில், 1539இல், எட்டாம் ஹென்றியின் ஆணைப்படி மடம் கலைக்கப்பட்டது. வில்லியம் ஸ்டம்ப் என்ற துணி வணிகர் ஏறத்தாழ 1,500 பவுண்டுக்கு மடத்துச் சொத்தை வாங்கி, துறவிகளின் கட்டடங்களில் தறிகளைப் போட்டார். ஆனால் நடுக்கூடத்தை ஊருக்குக் கொடுத்துவிட்டார். அருகிலிருந்த புனித பவுல் பங்குக் கோவில் பழுதுற்றிருந்ததால் ஊராருக்கு வேறு இடம் தேவைப்பட்டது. 1541இல் பேராயர் கிரான்மரின் அனுமதியும் கிடைத்தது. எத்தனையோ மடாலயங்கள் கல்லுக்கும் ஈயத்துக்குமாகப் பிரிக்கப்பட்ட அந்த ஆண்டுகளில், இக்கோவிலைக் காத்தது அதன் கலைச் சிறப்பன்று, ஊரின் தேவையே.

புதிய பயன்பாடு உள்ளமைப்பையும் மாற்றியது. துறவிகளின் பாடற்பகுதியைப் பிரித்து நின்ற கல்தடுப்பு, ஏழாம் ஹென்றியின் சின்னத்தோடு, இப்போது கோவிலின் கிழக்கு எல்லை; பலிபீடம் அதன் முன்னால் உள்ளது. முன்பு பொதுமக்கள் நின்ற இடமே முழுக் கோவிலாயிற்று. கிழக்கே நடுக்கோபுரத்தைத் தாங்கிய வளைவுகளில் ஒன்று வெட்டவெளியில் தனித்து நிற்கிறது. பழைய அளவை அதைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக்கலைஞர் ஹரால்டு பிராக்ஸ்பியர் மேற்குப் பகுதியைச் செப்பனிட்டபோது, இடிந்த அங்கணங்களைத் திரும்பக் கட்டாமல் உடைந்த விளிம்புகளை அப்படியே விட்டார். கட்டடம் பட்ட பாட்டை மறைக்காத நல்ல முடிவு அது. தன் கோபுரங்களை இழந்த இக்கோவிலுக்கு, புனித பவுல் கோவிலில் மிஞ்சி நிற்கும் கோபுரமே இன்று மணிக்கூண்டு.